நீலா அழாத நாட்கள்

இதை எனக்கு முதன்முதலா சொன்னது அமலோற்பவம் டீச்சர்தான் பாப்பா. போன வருஷம் ஆடி மாசம் ரெண்டாவது சனிக்கிழமை, எங்க தெரு நூலகத்து மாடியில. "உலகத்துல எத்தனையோ மதம் இருக்கு. சாமி வேற, சோறு வேற, நாள் கிழமை வேற. ஆனா ஒண்ணுல எல்லாரும் ஒத்துப்போறாங்க. செத்தவங்களுக்காக அழுவுறதுக்கு ஒவ்வொருத்தரும் நாளும் முறையும் ஒதுக்கி வச்சிருக்காங்க"ன்னாங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. ஏன்னா எங்க வீட்டுல ஒருத்தி அழாம இருந்தா.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காரு, உன் கவர் மடங்கிடப்போவுது. ஸ்கேன் கவர்தானே? திருவாரூர் பைபாஸ்ல பச்சைக் கட்டடம் ஒண்ணு இருக்கே, அந்த ஆஸ்பத்திரிக்கா போற? அங்கயேதானா. அப்ப உன்கிட்டத்தான் சொல்லணும். இந்த பஸ் ஊர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆவும், கேளு.

என் பேரு தையல்நாயகி. நாகப்பட்டினம்தான். எட்டாவது வரைக்கும் படிச்சேன். எனக்கு எந்தச் சாமியும் பேதம் கிடையாது. செவ்வாய்க்கிழமை சிக்கல் முருகன், வியாழக்கிழமை நாகூர் தர்கா, சனிக்கிழமை வேளாங்கண்ணி மாதா. காலையிலயும் சாயங்காலமும் ஒரு மணி நேரம் பூஜையில உட்காருவேன். பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், வீட்டுல என்ன நடந்தாலும் காதுல விழாது. ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டேன், யாரை வேணா கேட்டுப்பாரு.

ரெண்டு பிள்ளைங்க. மூத்தவ அரசி, திருப்பூர்ல இருக்கா. இளையவன் செல்வமுத்து. போன வருஷம் ஆனி இருபத்திரெண்டாம் தேதி போயிட்டான். ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தான், கொஞ்சம் போட்டிருந்தான், வண்டி லாரியில மோதிடுச்சு. இருபத்தொம்பது வயசு. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம். அவன் பொண்டாட்டிதான் நீலா. நீலாயதாட்சின்னு முழுப் பேரு. வேதாரண்யம் பக்கம், அவ அப்பா உப்பளத்துல வேலை பார்த்தவர். நீ போற ஆஸ்பத்திரியிலதான் ரத்தம் எடுக்குற வேலை அவளுக்கு.

அவ அழல பாப்பா.

சாவு வீட்டுக்கு வந்த பொம்பளைங்க அத்தனை பேரும் அவ முகத்தைத்தான் பார்த்தாங்க. நான் மாரடிச்சு மாரடிச்சு விழுவுறேன். அரசி மயங்கியே விழுந்துட்டா. இவ தலைமாட்டுல உட்கார்ந்து ஈ ஓட்டிக்கிட்டு இருந்தா. கையில ஒரு பனை விசிறி, அவன் முகத்துல ஒரு ஈ உட்கார விடல. பொறுப்பாத்தான் ஓட்டுனா, இல்லைங்கல. ஆனா கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்லை. பதினாறாம் நாள் தாலிக்கயித்தை எடுத்தப்பவும் சலூன்ல முடி வெட்டிக்க உட்கார்ந்த மாதிரி கழுத்தைக் காட்டிக்கிட்டு இருந்தா. எதிர்வீட்டுக்காரி என் காது படவே சொன்னா, "உப்பளத்துல பொறந்தவ, இவ கண்ணுல மட்டும் உப்புத்தண்ணி இல்லையே"ன்னு.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. கட்டுனவளே அழலன்னா, அப்ப என் பிள்ளை யாருக்குமே வேண்டாதவன்னு ஆயிடாதா?

நான் படுத்த படுக்கையா கிடந்தேன். பக்கத்து வீட்டு ஜொஹராதான், "இப்படியே கிடந்தா நீயும் போய்ச் சேர்ந்துடுவ தையலு, வா என்கூட"ன்னு நூலகத்துக்கு இழுத்துட்டுப் போனா. அமலோற்பவம் டீச்சர் சரித்திர டீச்சரா இருந்து ஓய்வு பெற்றவங்க. பெண்களுக்காக சனிக்கிழமை சனிக்கிழமை வகுப்பு எடுத்தாங்க. 'உலக மதங்கள்: ஓர் அறிமுகம்'னு பலகையில எழுதிப் போட்டிருந்துச்சு. நான் நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, அது பக்கத்துலயே சிலுவையும் பிறையும் போட்டு ஆரம்பிச்சேன். அன்னைக்குப் பாடமே சாவுதான்.

யூதர்கள்ல ஏழு நாளாம். துக்கப்பட்டவங்க தரையில, இல்லன்னா தாழ்வான பலகையில உட்காரணும். கட்டியிருக்கிற துணியில ஒரு கிழிசல் விடணும். செருப்பு ஆகாது. வீட்டுல உள்ள கண்ணாடியெல்லாம் துணி போட்டு மூடிடணும். எழுதிக்கிட்டேன். மறுநாளே ஆரம்பிச்சுட்டேன்.

அவகிட்ட மயில் கழுத்துக் கலர்ல ஒரு சேலை இருந்துச்சு. தலை தீபாவளிக்கு அவ அப்பா எடுத்துக் குடுத்தது. அதைக் கட்டச் சொல்லி, முந்தானையில நானே கத்திரிக்கோல் வச்சுக் கிழிச்சேன். பழைய சேலை இருக்கே அத்தைன்னா. பழைய சேலையைக் கிழிச்சா துக்கம் வருமாடின்னு கேட்டேன். ஏழு நாள் தரையிலயே உட்கார்ந்தா. தரையில உட்கார்ந்துதான் காய் நறுக்குனா, மாவு பிசைஞ்சா, பாத்திரம் தேய்ச்சா. சொன்ன பேச்சைத் தட்ட மாட்டா, அது ஒரு நல்ல குணம் அவகிட்ட.

எட்டாம் நாள் காலையில கண்ணாடித் துணியை எடுத்தேன். வந்து நின்னா. நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. நான் உள்ளுக்குள்ள முருகனைக் கும்புட்டுக்கிட்டேன், இப்ப உடைஞ்சிடுவா, இப்ப அழுதுடுவான்னு. அவ இடது புருவத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. அங்க ரெண்டு தையல் போட்ட தழும்பு. வைகாசியில கதவுல இடிச்சுக்கிட்டா. இல்ல, இவன் தள்ளுனதுல கதவுல பட்டுச்சு, ஏதோ ஒண்ணு. அந்த இடத்துல சிரைச்ச முடி திரும்ப முளைச்சிருந்துச்சு.

"முடி வந்துடுச்சு அத்தை"ன்னா.

அத்தனை நாள்ல அவளா வாயைத் திறந்து பேசுன மொத வார்த்தை அதுதான். புருஷன் செத்து ஒரு மாசம் ஆச்சோ ஆகலையோ, இவளுக்குப் புருவத்து மேல கவலை.

கை நீட்டுவான் என் பிள்ளை, இல்லைன்னு சொல்ல மாட்டேன். தர்காவுக்குப் போற நாளும் அதுவுமா பொய் சொல்லக் கூடாது. ஆனா மறுநாள் அவனே பரோட்டா வாங்கிட்டு வந்து, சாப்பிடு சாப்பிடுன்னு பக்கத்துல உட்கார்ந்திருப்பான். அவன் என்கிட்ட சொல்லுவான், "அம்மா, அவ ஒரு தடவ அழுதிருந்தா நான் அதோட விட்டிருப்பேன். பார்த்துக்கிட்டே நிக்குறாம்மா, அதான் எனக்கு வெறி ஏறுது"ன்னு. கள்ளம் கபடு தெரியாத பிள்ளை. மனசுல உள்ளதை அப்படியே சொல்லிடுவான்.

டிக்கெட் எடுத்துட்டியா? சரி.

அடுத்து புத்த மதம். அதுல நாப்பத்தொம்பது நாள். செத்தவங்க உயிரு அதுவரைக்கும் போக இடம் தெரியாம அலைஞ்சுக்கிட்டே இருக்குமாம். அன்னைக்கு ராத்திரி வாசல் விளக்கை அணைக்கல. எம்பிள்ளை எந்த ரோட்டுல நிக்குறானோன்னு. அந்த சமயத்துலதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து அவளுக்குக் கடுதாசி வந்துச்சு. போஸ்ட்மேன் என் கையிலதான் குடுத்தார். இத்தனாம் தேதிக்குள்ள வேலைக்கு வந்து சேரணும், இல்லன்னா வேற ஆள் போட்டுடுவோம்னு இருந்துச்சு.

நான் மறைச்சு வைக்கல பாப்பா. கேட்கிறவங்க எல்லாரும் மறைச்சு வச்சேன்னு சொல்றாங்க. சாமி மாடத்துல வச்சேன். காலண்டர்ல கிழிச்ச புத்தர் படம் ஒண்ணு ஒட்டியிருந்தேன், அவர் காலடியில. அவன் அலைஞ்சுக்கிட்டு இருக்கிறப்ப இவ சீப்பு எடுத்துத் தலை வாரி பஸ் ஏறிப் போனா, அவன் பார்த்துக்கிட்டுத்தானே இருப்பான்? நாப்பத்தொம்பது நாள் முடிஞ்சதும் எடுத்து, விபூதி வச்சு, அவ கையில குடுத்தேன். தேதி போய் ஒம்போது நாள் ஆயிருந்துச்சு. அதுக்கு நான் என்ன செய்ய, புத்தர் கணக்கு அது.

படிச்சா. ரெண்டு தடவ படிச்சா. மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, "உலை கொதிக்குது அத்தை"ன்னு உள்ள போயிட்டா. அன்னைக்கும் அழல. வேலையே போச்சு, அதுக்குக்கூட அழலன்னா அது என்ன மனசு?

அப்புறம்தான் இத்தா. முஸ்லிம்கள்ல புருஷன் செத்தா நாலு மாசம் பத்து நாள் வெளிய போகக் கூடாது, பூ, பொட்டு, வாசனைன்னு எதுவும் கூடாது. இதை டீச்சர் சொன்னப்ப ரெண்டு தடவ அடிக்கோடு போட்டேன். நீலா ஆஸ்பத்திரிக்கு நேர்ல போய்க் கேட்டுப் பார்க்குறேன்னு கெஞ்சுனா. நான் இத்தாவைச் சொன்னேன். அவ சர்டிபிகேட் எல்லாம் என் பீரோவுலதான் பத்திரமா இருந்துச்சு, சாவி என் இடுப்புல. அதனால போகவும் முடியல.

ஜொஹரா சுவர் வழியா எட்டிப் பார்த்து, "ஏன் தையலு இந்தப் பொண்ணைப் போட்டு இப்படிப் பண்ற? எங்க வீட்டுலயே அப்படிக் கிடையாதே. என் நாத்தனா இத்தாவுல இருந்தப்ப பகல்ல வேலைக்குப் போயிட்டுப் பொழுது சாயுறதுக்குள்ள வந்துடுவா. சோத்துக்கு வழி வேணும்ல"ன்னா.

அவங்க மதத்தை அவங்களே சரியா செய்யலன்னா நாம என்ன சொல்ல முடியும்?

அந்த நாள்லேர்ந்து ஜொஹரா தினம் மதியம் ஒரு கிண்ணத்துல கறிக்குழம்பு கொண்டு வருவா, நீலாவுக்குன்னு. துக்க வீட்டுல கவுச்சி ஆகாதுன்னு நான் அதை வாங்கித் தெரு நாய்க்கு வச்சுடுவேன். கிண்ணத்தைக் கழுவித்தான் குடுப்பேன். மரியாதை தெரிஞ்சவ நான்.

ஆவணி கடைசியில வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போனேன். இத்தாவுல வெளிய போகலாமான்னு நீ கேட்ப. மாதா கோயிலுக்குத்தானே, நானும் கூடப் போறேன்ல. அங்க மணல் பாதையில ஜனங்க முட்டி போட்டுப் போவாங்க பார்த்திருக்கியா? வேண்டிக்கிட்டவங்க போவாங்க. இவளுக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. நான் இவளுக்காக வேண்டிக்கிட்டேன், தாயே, இவளை அழ வைன்னு. வேண்டுனது நான்னாலும் எனக்கு முட்டி வலி, அதனால ஓரமா நிழல்ல நடந்து வந்தேன். பகல் பன்னெண்டு மணி. மணல்ல கை வச்சா பொறியும்.

பாதி தூரத்துல ஒரு சிஸ்டர் ஓடி வந்து தண்ணி பாட்டிலை நீட்டுனாங்க. "விரதம் சிஸ்டர்"னேன்.

"என்ன விரதம்மா?"

"ஜைன விரதம் சிஸ்டர். தண்ணிகூடக் கூடாது."

அந்த சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. அவங்களுக்கு மத்த மதத்தைப் பத்தி அவ்வளவா தெரியாது போல.

போய்ச் சேர்ந்ததும் அவ சேலையை லேசா தூக்கிப் பார்த்தேன். ரெண்டு முட்டியும் தோல் உரிஞ்சு, சதையில மணல் ஒட்டியிருந்துச்சு. நான் அழுதுட்டேன் பாப்பா. எனக்குத் தாங்காது, இளகுன மனசு. அவ என்னைப் பிடிச்சு உட்கார வச்சு, "வெயில்ல மயக்கம் வந்துடப் போவுது அத்தை"ன்னு முந்தானையால என் முகத்தைத் துடைச்சு விட்டா. அந்தக் கிழிச்ச முந்தானையாலதான். என் கண்ணீரைத் துடைச்சவளுக்கு, தன் கண்ணுல ஒரு சொட்டு வரல.

சீக்கியர்களைப் பத்தியும் டீச்சர் சொன்னாங்க. அவங்கள்ல ஒப்பாரி வைக்கக் கூடாதாம், எல்லாம் கடவுள் சித்தம்னு ஏத்துக்கிட்டு, பாட்டுப் பாடி, எல்லாருக்கும் சோறு போடுவாங்களாம். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டேன். நம்ம ஊருக்கு ஒத்து வராது.

புரட்டாசியில வகுப்பு முடிஞ்சுச்சு. கடைசி நாள் டீச்சர் எல்லாரோட நோட்டையும் வாங்கிட்டுப் போனாங்க. அடுத்த நாள் ஞாயிறு பூசை முடிஞ்சு நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. என் நோட்டு அவங்க கையில. ஜொஹரா ஏதோ வத்தி வச்சிருக்கா, அது எனக்கு அப்புறம்தான் தெரியும். பாராட்டத்தான் வந்திருக்காங்கன்னு காபி போடச் சொன்னேன்.

"தையல்நாயகி, கையெழுத்து நல்லா இருக்கு"ன்னாங்க. "யூதர்கள்ல அந்த ஏழு நாளும் துக்கப்பட்டவங்க அடுப்புப் பக்கமே போகக் கூடாது, அக்கம்பக்கத்துக்காரங்கதான் சோறு கொண்டு வந்து சாப்பிட வைக்கணும்னு சொன்னேனே. அது எங்க?"

"கை வலிச்சுச்சு டீச்சர். விட்டிருப்பேன்."

"இத்தாவுல பொழைப்புக்கு வழி இல்லன்னா பகல்ல போயிட்டு வரலாம்னு சொன்னேனே?"

"அன்னைக்குப் பேனா எழுதல."

"நாப்பத்தொம்பது நாளும் செத்தவங்க பேரைச் சொல்லி உயிரோட இருக்கிறவங்களுக்கு நல்லது செய்வாங்கன்னு சொன்னேன்."

"அதுக்குப் பக்கம் பத்தல டீச்சர்."

"பக்கம் பாதி காலியா இருக்கேம்மா."

பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டாங்க, என் வயசுக்கு. அப்புறம் நோட்டை மூடி வச்சுட்டு, "யாரும் ஒருத்தரை அழ வைக்கிறதுக்காக நாள் குறிக்கல தையல்நாயகி. அழுவுறவங்க ஒரு நாள் எழுந்திரிக்கணும்னுதான் குறிச்சாங்க"ன்னாங்க. படிச்சவங்க, ஏதாவது சொல்லுவாங்க. சனிக்கிழமை ஒண்ணு சொன்னாங்க, ஞாயித்துக்கிழமை ஒண்ணு சொல்றாங்க.

காபியைக் கொண்டு வந்து வச்சுட்டு நீலா அங்கேயே நின்னா. "அத்தை, பீரோ சாவி"ன்னு கையை நீட்டுனா.

டீச்சர் பார்த்துக்கிட்டு இருக்காங்க. சுவருக்கு அந்தப் பக்கம் ஜொஹரா. நான் என்ன செய்வேன்? குடுத்தேன். சர்டிபிகேட்டை எடுத்துக்கிட்டா, நாலு சேலை எடுத்துக்கிட்டா, மயில் கழுத்தை மட்டும் மடிச்சு என் கட்டில்ல வச்சுட்டா. டீச்சர் வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்காம். முன்னாடியே பேசி வச்சுட்டாங்க போலருக்கு.

வாசல்ல வழி மறிச்சு நின்னேன். கோவமா இல்லை பாப்பா, அன்பாத்தான். "உன்னை எதுவும் கேட்கல. எம்பிள்ளைக்காக ஒரே ஒரு தடவ அழுதுட்டுப் போ. அவன் கேட்டது அது ஒண்ணுதான், நானும் கேட்குறது அது ஒண்ணுதான்"னேன்.

அவ பையைக் கீழ வச்சா. என்னை நேரா பார்த்துச் சொன்னா: "மொத தடவ அவர் அடிச்சப்ப அழுதேன் அத்தை. சத்தம் போட்டுத்தான் அழுதேன். நீங்க பூஜை ரூம்ல இருந்தீங்க. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சீங்க. அன்னைக்கோட நிறுத்திட்டேன்."

அவ்வளவுதான் சொன்னா. பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

நீயே சொல்லு, பாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சாமி பாட்டு அது. அக்கம்பக்கம் காதுல விழுந்தா மானம் போயிடுமேன்னு கொஞ்சம் கூட்டி வச்சிருப்பேன், எந்தத் தாய்தான் வைக்க மாட்டா? பிள்ளையைக் காப்பாத்தணும்ல. அதைப் போய் மனசுல வச்சுக்கிட்டு, செத்தவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீரைக் குடுக்கலன்னா அது பாவம் இல்லையா? எந்த மதத்துல அதுக்கு மன்னிப்பு இருக்கு? நோட்டு முழுக்கத் தேடிட்டேன். இல்லை.

அரசிக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டா. அப்புறம், "அவளை விட்டுடும்மா"ன்னு வச்சுட்டா. அன்னையிலேர்ந்து அவளும் அவ்வளவா பேசுறதில்ல. பிள்ளைங்களுக்குப் பரீட்சையா இருக்கும்.

ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்குற இடத்துல வேற ஆளைப் போட்டுட்டாங்க. இவ போய்க் கால்கடுக்க நின்னு கேட்டதுல, டோக்கன் குடுக்குற ஜன்னல்ல உட்கார வச்சிருக்காங்க. சம்பளம் பாதியாம், ஜொஹரா சொன்னா. நான் மொத தடவ போனப்ப எழுந்து வந்து, உட்கார வச்சு, தண்ணி குடுத்தா. நான் தண்ணியைக் குடிச்சுட்டு, "அழுதியாடி?"ன்னு கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க, அதுக்கு நான் என்ன செய்ய, என் குரலே கொஞ்சம் பெரிசு. ரெண்டாம் தடவையும் கேட்டேன். மூணாம் தடவை போனப்ப வாட்ச்மேன் கேட்டுலயே நிறுத்திட்டார். இப்ப வியாழக்கிழமை வியாழக்கிழமை காலையில இந்த பஸ்ல போறேன். கேட்டுக்கு எதிர்ல டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருந்துட்டு, மதிய பஸ்ல நாகூர் தர்காவுக்குத் திரும்பிடுவேன். அங்கேர்ந்து பார்த்தா ஜன்னல் தெரியுது. முகம் தெரிய மாட்டேங்குது.

இந்தா, பாலம் வந்துடுச்சு, அடுத்தது நம்ம ஸ்டாப்புதான். கவரைப் பத்திரமா எடுத்துக்க. உனக்கு ஒண்ணும் இருக்காது, நான் எல்லா சாமிக்கும் சொல்லிடுறேன்.

நீ எப்படியும் டோக்கன் வாங்க அந்த ஜன்னலுக்குத்தான் போகணும். என் பேரைச் சொல்லாத, சொன்னா எழுந்து உள்ள போயிடுவா. இடது புருவத்துல ரெண்டு தையல் போட்ட தழும்பு இருக்கும், முடி மூடியிருக்கும், கிட்டப் பார்த்தா தெரியும். அவதான். கண்ணு சிவந்திருக்கா, இமை வீங்கியிருக்கான்னு மட்டும் பார்த்துட்டு வந்து சொல்லு பாப்பா. நான் டீக்கடையிலதான் உட்கார்ந்திருப்பேன்.